சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு: பதினைந்து வருட வரலாற்றைச் சரிபார்த்த கதை

கோவையில் நூற்பாலைகளுக்கு மென்பொருள் எழுதும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். சம்பளக் கணக்கு, ஷிஃப்ட் பதிவு, பஞ்சு இருப்பு, நூல் உற்பத்தி என எல்லாம் ஒரே பெரிய கோடில் (நிரலில்) இருக்கும். கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது செய்தார்கள் என்று பதிந்து வைக்கும் மென்பொருள்கள் உண்டு. 2003-ல் அதில் ஒன்றான சிவிஎஸ்ஸில் தொடங்கினார்கள். 2007-ல் அதே வகையான சப்வெர்ஷனுக்குப் போனார்கள். 2018-ல் கிட்டுக்கு மாறுவது என்று முடிவானதும் அந்த வேலை என்னிடம் வந்தது. மொத்தம் பதினாலாயிரத்துச் சொச்சம் ரிவிஷன் (பதிவான ஒவ்வொரு மாற்றமும் ஒரு ரிவிஷன், கிட்டில் அதன் பெயர் கமிட்). ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். இரண்டரை மாதம் ஆனது. அதில் மாற்றுவதற்கு ஆன நேரம் கொஞ்சம்தான். மாற்றியது சரிதானா என்று பார்ப்பதில்தான் மீதி எல்லாம் போனது.

முதல் முயற்சி, சப்வெர்ஷன் வரலாற்றைக் கிட்டாக மாற்றித் தரும் கிட்-எஸ்விஎன் என்ற டூல். முதன்மைக் கோடுக்கு டிரங்க், கிளைகளுக்குப் பிராஞ்சஸ், ரிலீஸ் நகல்களுக்கு டேக்ஸ் என்ற வழக்கமான ஃபோல்டர் அமைப்பு எங்கள் ரெப்போவில் (வரலாறு முழுவதும் இருக்கும் கிடங்கில்) இருந்ததால், அதற்கான ஆப்ஷனைக் கொடுத்து இரவில் ஓடவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் முடிந்திருந்தது. சப்வெர்ஷன் டிரங்கை ஒரு ஃபோல்டரிலும் கிட்டின் முதன்மைக் கிளையான மாஸ்டரை இன்னொரு ஃபோல்டரிலும் எடுத்து வைத்து டிஃப் போட்டேன். ஒரு வரி வித்தியாசம்கூட இல்லை. டீமுக்கெல்லாம் மெயில் போட்டுவிட்டேன்.

எங்கள் நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் அண்ணன் ஒருவர் மதியம் என் சீட்டுக்கு வந்தார்.

"ஏந்தம்பி, 2009-ல நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் ரவுண்டிங்க மாத்துனேன். அந்த கமிட்ட எடுத்துக் காட்டு பாக்கலாம்."

"இருங்கண்ணா, பிளேம் போட்டுக் காட்டறேன்."

ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார், எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் கட்டளை பிளேம். சம்பளக் கணக்கு ஃபைலுக்கு அதைப் போட்டேன். இரண்டாயிரம் வரியில் பாதிக்கு மேல் ஒரே ஆளின் பெயர், ஒரே தேதி. 2010 பிப்ரவரியில் ஒரு நாள். கமிட் செய்தி: 'ஃபோல்டர் அமைப்பை மாற்றியது'. அதற்கு முன்னால் எதுவுமே இல்லை. 2003 முதல் 2010 வரையிலான ஏழு வருடமும் கிட் ரெப்போவில் இல்லை.

காரணம் தேடியதில் தெரிந்தது இது. 2007-ல் சிவிஎஸ்ஸிலிருந்து வந்தபோது டிரங்க் என்றொரு ஃபோல்டரே கிடையாது, கோட் முழுவதும் ரெப்போவின் வேரிலேயே கிடந்தது. 2010-ல் ஒருவர் டிரங்க் ஃபோல்டரைக் காலியாக உருவாக்கி, உள்ளிருந்த ஒவ்வொரு ஃபோல்டரையும் தனித்தனியாக அதற்குள் நகர்த்தியிருக்கிறார். சப்வெர்ஷனில் நகர்த்தல் என்பது காப்பியும் அழிப்பும்தான். காப்பி எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு அந்தந்த உள் ஃபோல்டரில் இருக்கும், டிரங்கில் இருக்காது. கிட்-எஸ்விஎன் டிரங்குக்கு அப்படி ஒரு குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தது. இல்லை. அன்றைக்குத்தான் இந்தப் ப்ராஜெக்ட் பிறந்தது என்று எடுத்துக்கொண்டது. டூல் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. அதன் கணக்கில் எல்லாம் சரியாகவே நடந்திருந்தது.

நுனி, அதாவது கடைசி நிலை, பொருந்தினால் போதும் என்று நினைத்ததுதான் என் தவறு. இன்றைய கோடு மட்டும் வேண்டுமென்றால் வரலாற்றையே மாற்ற வேண்டியதில்லை, இன்றைய ஃபைல்களை ஒரே கமிட்டாகப் போட்டுவிட்டு நடையைக் கட்டலாம். அந்த அண்ணன் கேட்ட மாதிரி ஒரு கேள்வியை ஐந்து வருடம் கழித்து யாராவது கேட்பார்கள். பழைய ரெப்போ என்ன பதில் சொல்லியிருக்குமோ அதையே புதியதும் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடு. அப்படியானால் சோதனை நடுவில் நடக்க வேண்டும், ஓரங்களில் நடக்க வேண்டும். நுனியில் நடத்திப் பயனில்லை.

மாற்றும் டூலை முதலில் மாற்றினேன். லினக்ஸ் டெஸ்க்டாப் மென்பொருள் எழுதும் கேடிஇ திட்டத்தார் தங்கள் பெரிய சப்வெர்ஷன் ரெப்போவைப் பிரிப்பதற்குப் பயன்படுத்திய எஸ்விஎன்-ஆல்-ஃபாஸ்ட்-எக்ஸ்போர்ட் என்ற டூலை எடுத்துக்கொண்டேன். எந்த ஃபோல்டர் எந்தப் பிராஞ்சுக்குப் போக வேண்டும் என்பதை விதிகளாக ஒரு ஃபைலில் எழுதித் தர வேண்டும். இந்த ரிவிஷன் வரை வேர்தான் மாஸ்டர், இதற்குப் பிறகு டிரங்க்தான் மாஸ்டர் என்று ரிவிஷன் எல்லையோடு எழுதலாம். சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக எடுக்காது, ரெப்போவின் ஒரு நகல் அதே மெஷினில் இருக்க வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், எந்த விதிக்கும் பொருந்தாத பாதை ஒன்று வந்தால் அப்படியே நின்றுவிடும். முதல் நாள் முழுவதும் நின்று நின்றுதான் ஓடியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் அறியாத ஒரு விஷயம் வெளியே வந்தது: யாரோ 'டெஸ்ட்2' என்று வேரில் போட்டுப் பிறகு அழித்த ஃபோல்டர், 'பிராஞ்சஸ்' என்பதை 'பிராஞ்ச்' என்று ஒருமையில் உருவாக்கி அதில் இரண்டு மாதம் நடந்த வேலை. தெரியாததைத் தாண்டிப் போகாமல் நிற்கும் டூல் இந்த வேலைக்கு அவசியம் என்பது என் திடமான எண்ணம்.

அடுத்து, மாற்றுவதற்கு முன் மூலம் நலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சப்வெர்ஷனில் எஸ்விஎன்அட்மின் வெரிஃபை என்று ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொரு ரிவிஷனையும் படித்து, உள்ளே வைத்திருக்கும் செக்சம்களோடு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்களோடு) ஒப்பிடும். எங்களுடையது தேறியது. தேறாமல் போயிருந்தால் அடுத்த வேலை பேக்கப் டேப்பைத் தேடுவதுதான்.

பிறகு ஒப்பிடும் ஸ்கிரிப்ட்டை எழுத உட்கார்ந்தேன். பைத்தானில், இரண்டு பக்கமும் ஃபைல்களைத் திறந்து படித்து ஒப்பிடுவது. எழுதி ஓட்டினால் எல்லாம் பச்சை. ஏழு வருடத்தைத் தொலைத்துவிட்டு மெயில் போட்டவனுக்கு அந்தப் பச்சையை நம்ப முடியவில்லை. வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தால்தான் ஸ்கிரிப்ட்டின் யோக்கியதை தெரியும் என்று தோன்றியது. கிட் ரெப்போவின் நகல் ஒன்றை எடுத்து ஐந்து இடங்களில் கெடுத்தேன். ஒரு ஃபைலில் ஓர் எழுத்தை மாற்றினேன். ஒரு கமிட்டை உருவினேன். ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டின் இயக்க அனுமதியை நீக்கினேன். ஒரு ஃபைலின் வரி முடிவுகளை லினக்ஸ் முறையிலிருந்து விண்டோஸ் முறைக்கு மாற்றினேன். தமிழ் லேபிள்கள் இருக்கும் ஃபைலில் ஒரு எழுத்தை மாற்றினேன்.

ஐந்தில் இரண்டைத்தான் பிடித்தது.

இயக்க அனுமதியை நான் ஒப்பிடவே இல்லை, அது சுலபமான விடுபடல். மற்ற இரண்டும் யோசிக்க வைத்தன. பைத்தானில் ஃபைலை உரையாகத் திறந்தால், படிக்கும்போதே எல்லா வரி முடிவுகளையும் ஒரே வகையாக்கித் தரும். வித்தியாசம் என் ஸ்கிரிப்ட்டின் கண்ணுக்கு வருவதற்கு முன்பே அழிந்துவிடும். தமிழ் ஃபைலின் விஷயம் இன்னும் மோசம். எங்கள் பழைய லேபிள்கள் யூனிகோடுக்கு முந்தையவை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு அறிவித்த டேப் (TAB) என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இருந்தன. அதில் ஆங்கில எழுத்துகள் தங்கள் இடத்திலேயே இருக்கும், தமிழ் எழுத்துகள் 128-க்கு மேற்பட்ட எண்களில் உட்காரும். அதை யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவம் என்று நினைத்துப் படித்தால் பிழை வரும். பிழை வந்தால் நிற்காதே, கேள்விக்குறிப் பெட்டியைப் போட்டுவிட்டு மேலே போ என்று நானே ஆப்ஷன் கொடுத்திருந்தேன். 'வருகை' என்ற சொல்லும் அதில் ஓர் எழுத்து மாறிய 'வருமை'யும் என் ஸ்கிரிப்ட்டுக்கு ஒரே மாதிரியான பெட்டிகளாகத்தான் தெரிந்திருக்கின்றன. பெட்டிக்குப் பெட்டி சரி!

ஒப்பிடுவதற்கென்று திறக்கும் எதையும் பைட்டுகளாகவே திறக்க வேண்டும். உரையாகத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒரு லைப்ரரி நமக்கு உதவி செய்கிறேன் என்று வித்தியாசத்தைத் துடைத்துவிடும்.

பைட்டுகளாக மாற்றியதும் பச்சை முழுவதும் சிவப்பானது. இருநூற்றுக்கும் மேற்பட்ட ஃபைல்களில் வித்தியாசம். பார்த்தால் பெரும்பாலும் பொய் வித்தியாசங்கள். சப்வெர்ஷனிலிருந்து ஃபைலை எக்ஸ்போர்ட் செய்யும்போது, ஃபைல் தலைப்பில் இருக்கும் ஐடி, ரிவிஷன் போன்ற கீவேர்டுகளை அது விரித்து எழுதித் தரும். வரி முடிவையும் நம் மெஷினுக்கு ஏற்ப மாற்றித் தரும். ரெப்போவுக்குள் உண்மையில் இருப்பது விரிக்காத வடிவம். கிட்டுக்குப் போனதும் அதுதான்.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். கீவேர்டு இருக்கும் வரிகளை ஒப்பிடாமல் விட்டுவிடலாம், வரி முடிவைத் தட்டிச் சமமாக்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் மறுபடியும் பழைய குருட்டுத்தனத்துக்கே போய்ச் சேர்வோம். எக்ஸ்போர்ட்டில் கீவேர்டை விரிக்காதே என்று சொல்லும் ஆப்ஷன் இருக்கிறது. அதைவிட நேரான வழி எஸ்விஎன்லுக். அது ரெப்போவின் வயிற்றுக்குள்ளிருந்து நேராக எடுத்துத் தருவது, எந்த மொழிபெயர்ப்பும் செய்யாது. எஸ்விஎன்லுக் கேட் என்ற கட்டளை தரும் பைட்டுகளைக் கிட்டின் ஹேஷ்-ஆப்ஜெக்ட் கட்டளைக்குள் குழாயில் விட்டால், அந்த உள்ளடக்கத்துக்குக் கிட் எந்த ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) தரும் என்று தெரிந்துவிடும். மறுபக்கம் கிட்டின் எல்எஸ்-ட்ரீ கட்டளையைப் போட்டால் மாற்றப்பட்ட ரெப்போவில் அந்த ஃபைலுக்கு இருக்கும் ஹேஷும் அனுமதி எண்ணும் கிடைக்கும். இரண்டு ஹேஷ்களை ஒப்பிட்டால் வேலை முடிந்தது. ஃபைல்களை வெளியே எடுத்து வைக்கும் செக்-அவுட் வேண்டாம். விண்டோஸ் வரி முடிவுத் தொல்லையும் இல்லை. இந்த வழியில் எனக்குப் பெரிய நிம்மதி தந்தது இன்னொன்று: மாற்றிய டூலுக்கும் இந்தச் சோதனைக்கும் எந்த உறவும் இல்லை. மாற்றிய டூலையே கேட்டுச் சரிபார்த்தால், அது எதைத் தவறாகப் புரிந்துகொண்டதோ அதையேதான் திருப்பிச் சொல்லும்.

ஒவ்வொரு ரிவிஷனுக்கும் எஸ்விஎன்லுக் சேஞ்ச்டு என்ற கட்டளையால் மாறிய ஃபைல்களின் பட்டியலை எடுத்து, அவற்றை மட்டும் ஒப்பிட்டேன். பதினாலாயிரத்தையும் முழுதாக ஒப்பிட்டால் வாரக்கணக்கில் ஓடும். ஆனால் இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு ஃபோல்டரையே காப்பி செய்து பிராஞ்ச் உருவாக்கினால், அந்தப் பட்டியலில் ஃபோல்டரின் பெயர் ஒரே ஒரு வரியாக வரும், உள்ளே இருக்கும் ஆயிரம் ஃபைல்கள் வராது. ஆகவே காப்பி நடந்த ரிவிஷன்கள், எல்லாப் பிராஞ்சுகளின் நுனிகள், எல்லா டேகுகள், இவற்றோடு ஒவ்வொரு நூறாவது ரிவிஷன் ஆகியவற்றை முழு மரமாக, அதாவது உள்ளே இருக்கும் எல்லா ஃபைல்களையும் சேர்த்து ஒப்பிட்டேன். மாலை ஏழு மணிக்கு ஓடவிட்டால் மறுநாள் காலை பத்து மணிக்கு முடியும்.

கமிட்டுகளின் எண்ணிக்கையை வைத்து ஒப்பிட முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணிக்கை பொருந்தவே பொருந்தாது, பொருந்தினால்தான் சந்தேகப்பட வேண்டும். இக்னோர் பட்டியலையோ மெர்ஜ் குறிப்பையோ மட்டும் மாற்றிய ரிவிஷனுக்குக் கிட் பக்கம் கமிட் இருக்காமல் போகலாம். காலி ஃபோல்டர் உருவாக்கியதற்கும் அப்படித்தான், கிட் காலி ஃபோல்டரை வைத்துக்கொள்ளாது. மாறாக, ஒரே ரிவிஷனில் டிரங்கையும் ஒரு பிராஞ்சையும் சேர்த்துத் தொட்டிருந்தால் கிட்டில் இரண்டு கமிட் வரும். எண்ணிக்கைக்குப் பதில், விடுபட்ட ரிவிஷன் ஒவ்வொன்றுக்கும் ஏன் விடுபட்டது என்று ஒரு காரணத்தை ஸ்கிரிப்ட்டே எழுதும்படி செய்தேன். காரணம் எழுத முடியாதவை முதல் ஓட்டத்தில் முப்பத்தொன்று. அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் பார்த்தேன்.

இனி டேகுகள். யாராவது இந்த வேலையைச் செய்யப் போகிறீர்கள் என்றால், நேரம் குறைவாக இருந்தால், வேறு எதை விட்டாலும் டேகுகளை விடாதீர்கள். வாடிக்கையாளரின் கையில் இருப்பது டேக்தான்.

சப்வெர்ஷனில் டேக் என்பதும் பிராஞ்ச் மாதிரி ஒரு ஃபோல்டர். அதில் கமிட் செய்யாதே என்று யாரும் தடுப்பதில்லை. எங்களிடம் 93 டேக். முதல் முயற்சியில் நான் எழுதிய ஸ்கிரிப்ட், டேக் எந்த டிரங்க் ரிவிஷனிலிருந்து காப்பி செய்யப்பட்டதோ அந்தக் கமிட்டின் மேல் கிட் டேகை ஒட்டியது. முழு மர ஒப்பீட்டில் ஆறு டேகுகள் பொருந்தவில்லை. நான்கில், டேக் போட்ட பிறகு அந்த டேக் ஃபோல்டருக்குள்ளேயே யாரோ திருத்தம் செய்திருக்கிறார்கள். அதில் ஒன்று திருப்பூர் பக்கத்து ஆலை ஒன்றுக்குப் போன ரிலீஸ். பிஎஃப் பிடித்தம் கணக்கிடும் இடத்தில் இரண்டு வரி. ஆலையில் உட்கார்ந்துகொண்டே அவசரத்துக்குச் செய்த திருத்தம் என்று லாகில் இருந்தது. அந்த இரண்டு வரி டிரங்குக்கு வரவே இல்லை. என் முதல் ரெப்போவிலிருந்து அந்த ரிலீஸை மறுபடி பில்ட் செய்து கொடுத்திருந்தால், அந்த ஆலையின் தொழிலாளர்களுக்குப் பிஎஃப் கணக்கு தப்பாகியிருக்கும்.

மீதி இரண்டு டேகுகள் வேறு விதம். ஒருவர் தன் வொர்க்கிங் காப்பியிலிருந்து, அதாவது தன் மெஷினில் வேலைக்கு எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து, நேராக டேக் போட்டிருக்கிறார். அவர் மெஷினில் சில ஃபோல்டர்கள் பழைய ரிவிஷனிலும் சில புதியதிலும் இருந்தன. அந்த டேகின் உள்ளடக்கம் டிரங்கின் எந்த ஒரு ரிவிஷனோடும் பொருந்தாது. பொருந்தக்கூடியதாகத் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது, ஏனென்றால் அப்படி ஒன்று கிடையாது. புதிய டூலின் விதியில் டேகுகளையும் பிராஞ்சுகளைப் போலவே நடத்தச் சொன்னேன். டிரங்கிலிருந்து கிளைத்து, பக்கத்தில் ஒரு கமிட் போட்டு, அதன் மேல் டேக் உட்கார்ந்தது. 93-ம் பொருந்தின.

ஆட்களின் பெயர்களுக்கு வருகிறேன். சப்வெர்ஷனில் யூசர்நேம் மட்டும்தான். கிட்டுக்குப் பெயரும் மெயிலும் வேண்டும். முப்பத்தெட்டு யூசர்நேம்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்து, எச்ஆர் பதிவோடு ஒப்பிட்டபோது ஒரு விஷயம் உறுத்தியது. ஒரு யூசர்நேமில் 2006 முதல் 2008 வரை கமிட்டுகள், பிறகு மூன்று வருடம் ஒன்றுமில்லை, பிறகு 2011 முதல் மறுபடியும். விசாரித்தால், அதே முதல் பெயரில் இரண்டு பேர். முதலாமவர் வேலையை விட்டுப் போன பிறகு வந்தவருக்கு அதே யூசர்நேமைக் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலை அப்படியே போட்டிருந்தால் முதலாமவரின் மூன்று வருட உழைப்பு இன்னொருவர் பெயரில் போயிருக்கும். டூலில் தேதி வாரியாகப் பெயர் மாற்ற வழியில்லை. அதனால் ரெப்போவின் நகலில், 2008 வரையிலான அந்த ரிவிஷன்களின் ஆசிரியர் குறிப்பை மட்டும் வேறு யூசர்நேமாக மாற்றிவிட்டு, பிறகு ஓட்டினேன். மூலத்தைத் தொடவில்லை.

'அட்மின்' என்ற பொது லாகினில் இருநூறு கமிட்டுகளுக்கு மேல் இருந்தன. அண்ணன் சிலவற்றை கமிட் செய்தி எழுதிய பாணியை வைத்தே இன்னார் என்று சொன்னார். எனக்கும் அவர் சொல்வது சரி என்றே பட்டது. ஆனாலும் 'அட்மின்' என்றே விட்டுவிட்டோம். பழைய ரெப்போவுக்குத் தெரியாத ஒன்றைப் புதிய ரெப்போ சாதிக்கக் கூடாது. பிற்பாடு உறுதியாகத் தெரிந்தால் மெயில்மேப் ஃபைலில் எழுதிக்கொள்ளலாம், வரலாற்றைத் தொடாமல் காட்டும் பெயரை மட்டும் மாற்ற அது போதும்.

நேரமும் ஒரு சிக்கல். சப்வெர்ஷன் நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வைக்கிறது, காட்டும்போது மட்டும் நம் நேரத்துக்கு மாற்றும். மாற்றிய ரெப்போவில் எல்லாம் யூடிசியாகவே தெரியும். ஏப்ரல் 1 அதிகாலை இரண்டு மணிக்கு இங்கே செய்த கமிட், மார்ச் 31 இரவு எட்டரை என்று காட்டும். நிதியாண்டு மாறும் இரவில் சம்பள மென்பொருளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எல்லாவற்றையும் ஐந்தரை மணி நேரம் நகர்த்திவிடலாம் என்று டீமில் சொன்னார்கள். கணம் அதேதான், காட்டும் மண்டலம்தான் வேறு என்பதால் நான் மாற்றவில்லை. லோக்கல் நேரத்தில் காட்டும்படி எல்லோருடைய கிட் செட்டிங்கிலும் ஒரு வரி போட்டோம்.

பழைய ரிவிஷன் எண்களை ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் போடச் சொன்னேன். செய்தி அசிங்கமாகிறது என்று எதிர்ப்பு வந்தது. எங்கள் பக் பதிவுகளில் 'ஆர்8123-ல் சரிசெய்தது' என்று ஆயிரக்கணக்கில் எழுதிக் கிடக்கிறது. அந்த எண் இல்லாமல் அவை எல்லாம் குருட்டுச் சுட்டிகள். ஒப்பீட்டு ஸ்கிரிப்ட்டும் அந்த எண்ணை வைத்துத்தான் இரண்டு பக்கத்தையும் இணைத்தது. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இதையெல்லாம் மாற்றம் நடப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்று ஏன் பிடிவாதமாக இருந்தேன் என்றால், கிட்டின் அமைப்பே அப்படி. ஒரு கமிட்டின் ஹேஷ் என்பது அதன் ஃபைல் மரம், ஆள், நேரம், செய்தி, அதற்கு முந்தைய கமிட்டின் ஹேஷ் எல்லாம் சேர்ந்தது. 2006-ல் ஒரு பெயரைத் திருத்தினால் அதற்குப் பின் வரும் அத்தனை ஹேஷ்களும் மாறும். ஆட்கள் ரெப்போவைத் தங்கள் மெஷினுக்குக் குளோன் (நகல்) செய்து வேலை தொடங்கிய பிறகு அப்படி மாற்றுவது ஊரில் எல்லோருடைய கதவு எண்ணையும் மாற்றுவது போல.

அதே குணம் ஒரு நல்ல சோதனைக் கருவியாகவும் உதவியது. மாற்றத்தை இரண்டு மெஷின்களில் தனித்தனியே ஓட்டினோம், நுனி ஹேஷ் ஒன்றாகவே வந்தது. இது முடிவு சரி என்று காட்டாது, அதே தவறை இரண்டு முறையும் செய்திருக்கலாம். ஓட்டத்துக்கு ஓட்டம் முடிவு மாறுவதில்லை என்பதை மட்டும் காட்டும். ஆனால் அது தெரிந்த பிறகு இன்னொன்று சாத்தியமானது. ஒத்திகையில் கிடைத்த நுனி ஹேஷ், கடைசி ஓட்டத்தின் வரலாற்றுக்குள் ஒரு முன்னோராக இருக்க வேண்டும். இல்லையென்றால் இடையில் பழைய பகுதி மாறியிருக்கிறது. மூன்றாவது ஒத்திகையில் அப்படி இல்லாமல் போனது! தேடியதில், டீமில் ஒருவர் பழைய லாக் செய்திகளில் இருந்த எழுத்துப்பிழைகளை அந்த வாரம் திருத்தியிருந்தார். சப்வெர்ஷனில் லாக் செய்தியைத் திருத்தினால் புதிய ரிவிஷன் உருவாகாது, தடமே இருக்காது. விட்ட இடத்திலிருந்து தொடரும் டூலுக்கு அது தெரியவே தெரியாது. கடைசி ஓட்டம் முதல் ரிவிஷனிலிருந்தே புதிதாக ஓட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

இந்த வேலையின் பெரிய உதாரணமாக நான் அந்த நாட்களில் கவனித்து வந்தது, கோடை இயங்கும் நிரலாக மாற்றும் ஜிசிசி என்ற கம்பைலரின் மாற்றம். 2005-ல் சிவிஎஸ்ஸிலிருந்து சப்வெர்ஷனுக்கு வந்து, 2020 ஜனவரியில்தான் கிட்டுக்குப் போனார்கள். ரிவிஷன்கள் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் அளவில். பல வருடமாகவே அவர்களிடம் கிட்-எஸ்விஎன் வழியாக ஓடிய ஒரு கிட் நகல் இருந்தது. அதையே வைத்துக்கொள்ளாமல், எரிக் ரேமண்ட் என்ற நிரலாளரின் ரெப்போசர்ஜன் டூலால் புதிதாக மாற்றினார்கள். கிட்-எஸ்விஎன் அடிப்படையில் வேறொருவர் தனியாக ஒரு மாற்றத்தைத் தயாரித்தார். இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்று காட்டிய வித்தியாசத்தால் மற்றதன் பிழையைக் கண்டுபிடித்தார்கள். பழைய நகலின் கமிட்டுகளையும் தூக்கி எறியாமல் தனிப் பெயர்வெளியில் வைத்தார்கள், பழைய ஹேஷை யாராவது எங்காவது எழுதி வைத்திருந்தால் அது இன்னும் திறக்கும். எங்கள் மாற்றம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் அவர்களுடைய உரையாடல்களைப் படித்தபோது, எங்கள் சின்ன ரெப்போவில் எழுந்த அதே கேள்விகள் அங்கேயும் எழுந்தது எனக்குத் தெம்பாக இருந்தது.

கடைசி மாற்றத்தை ஒரு சனிக்கிழமை மாலை வைத்தோம். சர்வரில் எந்தக் கமிட்டையும் மறுக்கும் ஹுக் ஒன்றைப் போட்டு, மறுக்கும் செய்தியிலேயே என் போன் நம்பரையும் எழுதினேன். ஞாயிறு காலை உடுமலைப்பேட்டை ஆலையிலிருந்து எங்கள் பையன் ஒருவன் கூப்பிட்டான்.

"அண்ணா, கமிட் போக மாட்டேங்குது, உங்க நம்பர் வருது."

"நாளைக்குக் காலைல வரைக்கும் பொறுத்துக்கப்பா. பேட்ச்சா எடுத்து மெயில்ல போட்டுடு, நான் கிட்ல ஏத்தறேன்."

சொல்லி வைத்த மெயிலை அவன் ஆலையில் இருந்ததால் பார்க்கவில்லை. ஹுக் இல்லாமல் மெயிலை மட்டும் நம்பியிருந்தால் அந்தக் கமிட் பழைய ரெப்போவில் அநாதையாகக் கிடந்திருக்கும்.

ஞாயிறு இரவு ஒப்பீடு முடிந்தபோது ஒன்பது வித்தியாசங்கள் மிச்சம் இருந்தன. எல்லாம் காரணம் தெரிந்தவை. இரண்டு காலி ஃபோல்டர்கள், அவற்றில் ஒன்றை இன்ஸ்டாலர் எதிர்பார்த்ததால் உள்ளே ஒரு சின்ன ஃபைலைப் போட்டுப் புதிய கமிட்டாகச் சேர்த்தோம். மற்றவை சிவிஎஸ் காலத்தவை. சிவிஎஸ்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனி வரலாறு, ஒரு கமிட் என்ற முழுமையே கிடையாது. ஒரே ஆள், ஒரே செய்தி, கிட்டத்தட்ட ஒரே நேரம் என்பதை வைத்து 2007-ல் டூல் ஊகித்துச் சேர்த்ததுதான் நாங்கள் இன்று கமிட் என்று பார்ப்பது. பழைய சிடியில் இருந்த சிவிஎஸ் ஃபைல்களை வைத்து ரிலீஸ் டேகுகளை மட்டும் சரிபார்த்தோம், அதற்கு மேல் ஊகத்தைச் சரிபார்க்க ஆதாரம் இல்லை. ஒன்பதையும் காரணத்தோடு எழுதி, ஒப்பீட்டு ஸ்கிரிப்ட், பெயர்ப் பட்டியல், விதி ஃபைல் எல்லாவற்றையும் புதிய ரெப்போவிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டோம். பழைய ரெப்போவின் முழு டம்ப் இரண்டு டிஸ்கில் இருக்கிறது.

திங்கள் காலை அண்ணன் வந்து, தன் 2009 கமிட்டை அவரே தேடி எடுத்துப் பார்த்தார். பிறகு 2005-க்குப் போய், நிறுவனத்தின் பழைய லோகோ ஃபைலைத் திறந்தார். படம் பாதிக்கு மேல் கிழிந்த கோடுகளாக வந்தது.

"இது கெட்டுப் போச்சேப்பா?"

"சப்வெர்ஷன்லயும் இப்படித்தாங்கண்ணா இருக்கு. சிவிஎஸ்ல பைனரின்னு சொல்லாம ஏத்திருக்காங்க. அன்னைக்கே உடைஞ்சிருக்கு."

விண்டோஸ் மெஷினிலிருந்து ஏற்றும்போது அது உரை என்று நினைத்து சிவிஎஸ் வரி முடிவுகளை மாற்றியிருக்கிறது. சிடியில் நல்ல நகல் ஒன்று இருந்தது. அதை 2005-ன் இடத்திலேயே வைத்துவிடலாமா என்று ஒரு தம்பி கேட்டான். இரண்டு நிமிட வேலைதான். டேப் எழுத்துகளை யூனிகோடாக மாற்றலாமா என்று முன்பு கேட்டபோது சொன்ன பதிலையே சொன்னேன்: நடந்த வரலாற்றைத் திருத்தக் கூடாது. 2005-ல் வெளியான ரிலீஸ்கள் அந்த உடைந்த லோகோவோடுதான் ஆலைகளுக்குப் போயின. நல்ல நகலை அந்தத் திங்கட்கிழமைத் தேதியிலேயே, அவன் பெயரிலேயே, புதிய கமிட்டாகப் போடச் சொன்னேன். கிட்டுக்கு மாறிய பிறகு எங்கள் ரெப்போவில் விழுந்த மூன்றாவது கமிட் அது.